நீல போர்டின் மேல் நின்ற தண்ணீர்

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மருங்காபுரிப் பக்கத்து மானாவாரி மண்ணில் பிறந்து, திருச்சிக்கு வந்து, கொத்தனாருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவன் நான். இன்றைக்கு உறையூரிலும் தில்லைநகரிலும் நான் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலாவது விரிசல் காட்டுங்கள் பார்ப்போம் என்று என்ஜினீயர்களிடமே கேட்டிருக்கிறேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு? ஆனால் இப்போது சொல்ல வந்தது வீட்டைப் பற்றி அல்ல. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கொல்லையில் நான் நிறுத்திய ஒரு குளத்தைப் பற்றி.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்துவிட்டது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள், நடக்க வராது. பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. வெந்நீர் பட்டுக் கொப்புளம் எழும்பியதுகூட அவளுக்குத் தெரியவில்லை, நான்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மா, இடுப்பளவு தண்ணீரில் நடக்கவைத்தால் உடம்பின் பாரம் குறையும், கால் பழகும் என்றார். இப்போது விட்டுவிட்டால் பிறகு அந்தக் கால் திரும்பாது என்றும் சொன்னார். காவிரிக்குக் கூட்டிப்போகலாமென்றால் அவளால் படித்துறையில் இறங்க முடியாது. ஆற்றில் தண்ணீர் வருவதும் நிற்பதும் நம் கையிலும் இல்லை.

காலேஜில் பாடம் எடுக்கும் என் மகள் ஆன்லைனில் ஒரு குளத்தை வரவழைத்தாள். குழி தோண்ட வேண்டாம். இரும்புக் குழாய்களைச் சட்டமாகக் கோத்து, தார்ப்பாய் மாதிரித் தடித்த பிளாஸ்டிக் துணியை அதில் மாட்டி, தரைக்கு மேலேயே தண்ணீர் நிரப்பும் குளம். அடியில் சிமெண்ட் தளம் போட்டுவிடுங்கள் என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தளம் கல் மாதிரி இருக்கும், விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். வெறும் மண்ணில் விரித்தாலோ, ஒரு சின்னக் கல் துருத்தினால் போதும், உணர்ச்சியில்லாத பாதம் கிழிந்தாலும் அவளுக்குத் தெரியாது.

எனக்கு வழி தெரியும். மொட்டைமாடியில் வெயில் இறங்காமல் இருக்க, மேலே பதிக்கும் தட்டோட்டுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு ஃபோம் போர்டு பரப்புவோம். அதில் என் குடோனில் மிச்சம் கிடந்தது.

"அமுங்கிடாதாப்பா?" என்றாள் மகள்.

"மாடியில அதுக்கு மேல டேங்கே நிக்குது. தண்ணிப் பாரம் எல்லாப் பக்கமும் சமமா உக்காரும். நீ பாடத்தப் பாரு, நான் தரையப் பாக்குறேன்."

மண்ணைச் சலித்து, மட்டம் பார்த்து, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினேன். சட்டத்தின் கால்கள் நிற்கும் இடத்தில் மட்டும் கடப்பாக்கல் பதித்தேன். நடுவில் போர்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, இணைப்புகளில் டேப் ஒட்டினேன். எந்த என்ஜினீயரும் இதைவிடச் சுத்தமாகச் செய்துவிட முடியாது.

கடைசிப் போர்டை வைக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி என்னைக் கூப்பிட்டாள். "என்னங்க, வீட்டு அடிமானத்துக்குச் செய்யற பூசைய இதுக்கும் செஞ்சிருங்க. என் காலுக்காகத்தான போடுறோம்."

"அம்மா, இது பிளாஸ்டிக் தொட்டிம்மா" என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூமியைக் கேட்காமல் நான் எதையும் நிறுத்தியவன் இல்லை. ஈசான மூலையில் மண்ணைக் கொஞ்சம் பறித்து, நவதானியத்தை மஞ்சளோடு போட்டு, கற்பூரம் காட்டி மூடினேன். அதன்மேல் போர்டை வைத்தேன். மனைவி உட்கார்ந்தபடியே கும்பிட்டாள்.

முதல் நாள் நான் தூக்கி உள்ளே இறக்கியதும் என் தோள்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். பிறகு கை ஒன்று விலகியது. அப்புறம் என் விரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போனாள். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொன்னேன், ஆஸ்பத்திரி செய்யாததை என் தொட்டி செய்கிறது என்று.

ஒரு காலையில் ஈசான மூலைப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இந்த எடத்துல மெத்துனு இருக்குங்க. கால் உள்ள போற மாதிரி."

"எந்தக் கால்?"

"வலது காலுதான்."

எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. நகத்தால் கீறினாலும் தெரியாத பாதம், தரை மெத்தென்று இருப்பதைச் சொல்கிறது. தண்ணீருக்குள் நின்றபடியே அவளைக் கட்டிக்கொண்டேன். மகளுக்குப் போன் போட்டேன், அவள் அழுதாள். பிசியோதெரபி அம்மா வந்து பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி திரும்புகிறது என்றார். அக்கம்பக்கத்துக்கு மைசூர்பாகு கொடுத்தேன். அந்த மூலையில் தரை ஏன் மெத்தென்று இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தினமும் அந்த இடத்துக்கே போய்ப் பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். தெரிகிறதா என்று நான் கேட்பேன். தெரிகிறது என்பாள், நேற்றைவிட நன்றாகத் தெரிகிறது என்பாள்.

அடுத்த வாரம் என்னைக் கரையிலேயே நிற்கச் சொன்னாள். தானாக நடந்து காட்டுகிறேன் என்றாள். பாதி தூரம் நடந்தும் விட்டாள். ஈசான மூலைக் கடப்பாக்கல் சரிந்தது. குழாய் மடங்கியது. துணி வாயைத் திறந்த மாதிரி வெளியே சாய்ந்து, மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கமாகப் பாய்ந்தது. அவளையும் இழுத்துக்கொண்டுபோய்க் பக்கத்திலிருந்த கிணற்றடிச் சிமெண்டில் அடித்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வலது கால் மட்டும் வேறு பக்கம் பார்த்துத் திரும்பிக் கிடந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து போர்டைப் பெயர்த்தேன். அடியில் மண் இல்லை. பெருச்சாளி தானியத்துக்காக வளை பறித்து, கடப்பாக்கல் வரை குடைந்திருந்தது. போர்டின் அடிப்பக்கத்தைக் கொறித்துத் துகள் துகளாக்கியிருந்தது. என் கட்டடங்களுக்கு அடியிலும் நவதானியம் இருக்கிறது. ஆனால் அதன்மேல் கான்கிரீட் இருக்கிறது, எலிக்குப் பல் இறங்காது. மகள் பக்கத்தில் வந்து நின்று அந்தப் பொந்தைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அம்மாகிட்ட இதச் சொல்லாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

இன்றுவரை சொல்லவில்லை. வெயிலில் துணி இற்றுப்போயிருந்தது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

இடுப்பெலும்புக்குக் கம்பி வைத்தார்கள். அவளுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் எலும்பு சேரவில்லை. இனி நிற்கவைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் கொடுமை என்னவென்றால் பாதத்துக்கு இப்போது எல்லாம் தெரிகிறது. போர்வை மடிப்புத் தெரிகிறது, எறும்பு ஊர்வது தெரிகிறது, ராத்திரியில் வலியும் தெரிகிறது.

கான்கிரீட்டிலேயே தொட்டி கட்டித் தருகிறேன், நூறு வருஷம் நிற்கும் என்று ஒருநாள் சொன்னேன்.

"யாருக்குங்க?" என்றாள்.

பாத்ரூமுக்கு நான்தான் தூக்கிப்போகிறேன். நர்ஸ் வைத்துக்கொள்ளச் சொன்னாள் மகள், வேண்டாம் என்றுவிட்டேன். சாரத்தில் சிமெண்ட் மூட்டை சுமந்து ஏறிய உடம்பு இது. அவள் ஒரு மூட்டை எடைகூட இருக்கமாட்டாள். போன மாதம் இருந்ததைவிட இப்போது இன்னும் குறைவு. தூக்கும்போது ஒரு கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.