கட்டை சொன்னதைச் சொன்னவள்

பாங்-ச்சி என்ற பெயருக்கு ‘சரி, இதையும் வளர்த்துத் தொலைப்போம்’ என்று பொருள். வரிசையாகப் பெண்களே பிறந்த கோபத்தில் அப்பா வைத்த பெயர். பெங்ஹூ தீவில் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு பாங்-ச்சி இருந்தாள். மற்றவர்களெல்லாம் வளர்ந்ததும் நாகரிகமாகப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். இவள் மாற்றவில்லை. “அதான் வளர்த்தாச்சே, இனிமே எதுக்கு மாத்தணும்?” என்பாள்.

அவளுடைய தொண்டையைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. இளம் வயதில் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவியவள். அவள் கூவினால் கடலுக்குள் இருக்கும் கணவாயும் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். கல்யாணமான பிறகு கடல்தாய் மாச்சோவின் கோவில் வாசலில் சிப்பி ஆம்லெட் கடை போட்டாள். இந்தத் தொண்டையை ஏன் வீணாக்க வேண்டும் என்று கோவில்காரர்கள் அவளுக்குப் பிறைக்கட்டை அறிவிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. வாசலில் கடை போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பிறைக்கட்டை என்பது பிறை வடிவில், ஒரு பக்கம் தட்டையான இரண்டு மரத்துண்டு. அம்மனிடம் கேள்வியைக் கேட்டு இரண்டையும் தரையில் போட வேண்டும். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் ‘ஆம்’. இரண்டும் குப்புற விழுந்தால் ‘இல்லை’. இரண்டும் மல்லாந்தால் அம்மன் சிரிக்கிறாள், மறுபடி கேட்க வேண்டும். பெரிய காரியத்துக்குத் தொடர்ந்து மூன்று ‘ஆம்’ வேண்டும். மண்டியிட்டவரின் முதுகு மறைத்துவிடுவதால் கூட்டத்துக்குக் கட்டை தெரியாது. பாங்-ச்சியின் குரல்தான் கேட்கும்.

ஒரு வருஷம் கோவில் தலைவர் சாய்-ஹொக்குக்கு ஓர் ஆசை வந்தது. ஐஸ் ஃபேக்டரி முதலாளி அவர். எதையும் சின்னதாகச் செய்து பழக்கமில்லை. பழைய சன்னதியை இடித்துவிட்டு, கப்பலில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி பிரம்மாண்டமான கல் அம்மன் வைக்க வேண்டும் என்றார். சிற்பிக்கு அட்வான்ஸ் கொடுத்தார், அழைப்பிதழ் அடித்தார், பொம்மலாட்டக் குழுவைக்கூடப் பேசி முடித்தார். அம்மனைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

கேட்பதற்கு முதல் நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கு அம்மாகிட்ட உத்தரவு கேக்கப் போறேன், பாங்-ச்சி.”

“கேளுங்க தலைவரே. உத்தரவுக்கு முன்னாடி பத்திரிகை வந்துருச்சே, எங்க வீட்டுக்கே ரெண்டு வந்திருக்கு.”

“அவங்க வேண்டாம்னா சொல்லப் போறாங்க? கட்டை கொஞ்சம் அப்படி இப்படி விழுந்தா, நீ பார்த்துச் சொல்லு.”

“பார்த்துத்தானே எப்பவும் சொல்றேன்.”

“கடை கோவில் இடத்துல இருக்கு. அதையும் பார்த்துக்கோ.”

பாங்-ச்சி ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டாள். “சாஸ் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

வீட்டில் கணவன் ஆ-தியாம் தலையில் கை வைத்துக்கொண்டான். படகு ஓடாத மாதங்களில் அந்தக் கடைதான் அடுப்பெரித்தது. “எல்லாரும் சொல்ற பொய்தானே? நீயும் ஒண்ணு சொல்லித் தொலையேன்!”

“என் பேர்ல ஆயிரம் பொய் சொல்லியிருக்கேன்யா. நேத்து மீனைக்கூட இன்னைக்கு மீனுன்னு வித்திருக்கேன். அம்மன் பேர்ல எப்படிச் சொல்றது?”

சொல்லிவிட்டாளே தவிர, பயம் இருந்தது. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமலே கோவிலுக்குப் போனாள்.

சாய்-ஹொக் பட்டுச் சட்டையில் வந்து மண்டியிட்டார். கட்டைகள் விழுந்தன.

“சிரிக்கிறாங்க!” என்றாள் பாங்-ச்சி.

“சந்தோஷத்துல சிரிக்கிறாங்க!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார் தலைவர். மேளம்கூட ஒரு தட்டு தட்டிவிட்டது.

மறுபடியும் போட்டார். இரண்டும் குப்புறக் கிடந்தன. “ஆம்னு சொல்லு,” என்றார் உதடு அசையாமல். பாங்-ச்சிக்குத் தன்னுடைய ஆம்லெட் கல்லை யாரோ தெருவில் வீசுவதுபோல் தோன்றியது. அதே பயத்தோடுதான் வாயைத் திறந்தாள்.

“இல்லை!”

துறைமுகம் வரை கேட்டது. தலைவர் விடவில்லை, திரும்பப் போட்டார். “இல்லை!” இன்னொரு தடவை. “இல்லை!”

“இவளுக்குக் கண்ணு தெரியல!” என்று கத்தினார் கோவில் செயலாளர் பூன்-லாய். “கடையைத் தூக்கிட்டுப் போடீ!”

“நாளைக்கே தூக்கிடறேன். இன்னைக்குக் கட்டை சொல்றதைத்தான் சொல்லுவேன்.”

கூட்டம் ஓவென்று கத்தியது. சாய்-ஹொக்கின் அதட்டலில் வெந்துபோயிருந்தவர்கள் அங்கே நிறைய. “அம்மாவுக்கு இவரையே பிடிக்கல! பதவியை விட்டு எறங்கச் சொல்றாங்க! நல்லா உரக்கச் சொல்லு பாங்-ச்சி!” என்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே பிடித்திருந்தது. வாழ்நாளில் அவள் பெயரை யாரும் அப்படி ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

“வாயை மூடுங்க எல்லாரும்!” என்றாள். “அவரு சிலையைப் பத்திக் கேட்டாரு. சிலை வேண்டாம்னாங்க. அவரைப் பத்தி இங்க யாரும் கேக்கல. அவங்க சொல்லாததை நான் எப்படிச் சொல்லுவேன்?”

கைதட்டல் நின்றது. “எவ்வளவு வாங்கின?” என்றது ஒரு குரல். ஆக, ஒரே காலையில் இரண்டு பக்கமும் பகை. ஆ-தியாம் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சாய்-ஹொக் எழுந்திருக்கவில்லை. பட்டுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஊரே தன்னை விரட்டக் காத்திருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டைகளைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, யாருக்கும் பழக்கமில்லாத சின்னக் குரலில் கேட்டார்:

“அம்மா, நான் உங்ககிட்டயே இருக்கலாமா?”

கட்டைகள் விழுந்தன. பாங்-ச்சி குனிந்து பார்த்தாள்.

“ஆம்!”

அவளே பொறுக்கி அவர் கையில் வைத்தாள். போட்டார். “ஆம்!” கூட்டத்தில் யாரோ முணுமுணுத்து நிறுத்தினார்கள். மூன்றாவதாகப் போட்டபோது கட்டை ஒன்று உருண்டு தூணோரம் போய் நின்றது. நடந்து போய்ப் பார்த்தாள்.

“ஆம்!”

பூன்-லாய் அவசரமாக எழுந்தார். “சரியாப் பார்த்தாளா தெரியல. தலைவரே, நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?”

சாய்-ஹொக் கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“எதுக்குய்யா பார்க்கணும்? அவதான் சொல்லிட்டாளே.”