மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் ஜூலை

ரமோனா உலிக்குக்கு நாற்பத்தாறு வயது. ஆலைகளுக்குத் தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஆளாகவே பதினோரு வருடம் காலம் தள்ளியவள். சுவிக்கா நகரத்தைச் சுற்றியுள்ள ஆலைகளில் அவள் கால் படாத ஆலை குறைவு. ஒரே இடத்தில் ஏஜென்சி ஆளைப் பதினெட்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆலைக்காரர்களும் சட்டத்தை மதிக்கிறவர்கள்தான். பதினேழாம் மாதம் முடிந்ததும் "போய் வா" என்பார்கள், நாலு மாதம் கழித்து "வா" என்பார்கள். சன்னலுக்கு ரப்பர் பட்டி செய்யும் இந்த ஆலைக்கே அவள் நாலு முறை வந்தவள், மூன்று முறை போனவள்.

நாலாவது முறை போகச் சொல்லவில்லை. டிசம்பரில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நிரந்தர வேலைக்கான தாளை நீட்டினார்கள். ரமோனா அதை மூன்று தரம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். மகள் தபேயாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. முன்பு ஒரு பேட்டரி ஆலையில் நிரந்தரமாக்குகிறோம் என்ற வாய்ப்பேச்சை நம்பி, புது ஆள் மற்றவர்களுக்கு வைக்க வேண்டிய காலை விருந்தை முன்கூட்டியே வைத்துவிட்டாள். கொடுத்ததைத் தின்று முடித்த கையோடு மறுவாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

இம்முறை ஜனவரியில் வேலை தொடங்கிய அன்றுதான் விருந்து. ரொட்டி மேல் கொத்திய பச்சைப் பன்றி இறைச்சியும் வெங்காயமும், அறுபது உருப்படி. ஒன்பது மணி இடைவேளையில் தட்டு காலியாகிவிட்டது. அந்த வாரக் கடைசியில் ஒரு கூத்தும் நடந்தது. ஏஜென்சி ஆட்கள் வெள்ளிக்கிழமைதோறும் வேலை நேரத்தை எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும். ரமோனா பழக்கதோஷத்தில் தாளை நீட்டினாள். மேஸ்திரி ஃபோல்க்மாரும் பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாருக்கு அனுப்பப் போற இதை?" என்றார் அவர்.

"எனக்கே அனுப்பிக்கிறேன்" என்றாள் ரமோனா.

சிக்கல் அடுத்த திங்களன்று வந்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் அந்த வருடத்துக்கான விடுமுறை அட்டவணையை மாட்டினார்கள். நிரந்தர ஆட்கள் மட்டும் எழுதும் தாள் அது. ஏஜென்சி ஆட்களுக்கு விடுமுறை இல்லாமல் இல்லை. ஆனால் கோடையில் கிடைக்காது. மற்றவர்கள் கடலுக்குப் போகும்போது அவர்கள் இடத்தில் நிற்பதற்குத்தானே ஏஜென்சியே இருக்கிறது. பதினோரு கோடை ரமோனா அப்படித்தான் நின்றாள். தபேயாவுக்கு நாலு வயதாக இருந்தபோது கடல் பார்த்தது. அதுகூட மழையில்.

வடக்கே கடலில் இருக்கும் ஊசெடோம் தீவில், ஜூலைக் கடைசி இரண்டு வாரத்துக்குக் கூடாரம் போட ஓர் இடத்தை ரமோனா கேட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். தபேயாவும் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் உன்கூட வர்றேம்மா. அடுத்த வருஷம் கூப்பிடாதே. பதினாறு ஆயிடும், நான் ஃப்ரெண்ட்ஸோட போயிடுவேன்."

அட்டவணையில் ஜூலைக் கடைசிக்கு நேராக ஏற்கெனவே நாலு பெயர் இருந்தது. நாலு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் போகக் கூடாது.

"என்ன ரமோனா, ரயிலுக்கு நேரம் பாக்குற மாதிரி நின்னுக்கிட்டிருக்க? எழுதேன்" என்றாள் பக்கத்து மேசை கெர்ஸ்டின்.

"இடம் எங்க இருக்கு?"

ஃபோல்க்மார் எட்டிப் பார்த்தார். "அக்டோபர் எடுத்துக்கோ. காட்டுல காளான் பறிக்கலாம். பள்ளிக்கூடமும் லீவுதான்."

"அக்டோபர்ல அந்தக் கடல்ல எறங்கினா பிள்ளைக்கு ஜன்னி வந்துடும், ஃபோல்க்மார்."

"புதுசா வந்தவங்க கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போகணும்."

சரி என்ற சொல் ரமோனாவின் தொண்டை வரை வந்துவிட்டது. பதினோரு வருடமாக அது அங்கேயே குடியிருக்கிறது. சனிக்கிழமை வர முடியுமா, சரி. நாளைக்கு இரவு முறை, சரி. இந்த முறை அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கையில் பேனாவை வைத்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டாள்.

"கேட்டியா?" என்றாள் தபேயா மாலையில்.

"வெள்ளி வரைக்கும் இருக்கில்ல."

"கேக்கவே இல்ல நீ" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். அடித்திருந்தால்கூட ரமோனாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த நாலு பேரில் மூவருக்குப் பள்ளி போகும் பிள்ளைகள். நாலாவது ஆள் லோதர். ரப்பரை அச்சில் அழுத்தும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் இருபத்திரண்டு வருடம். அவருடைய மகனுக்கே வழுக்கை விழுந்துவிட்டது. ஜூலையில் லோதர் எங்கும் போவதில்லை. ஊர் ஓரத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து வேலிக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார். போன வருடம் அடித்த அதே வேலி.

வியாழக்கிழமை காலை இடைவேளையில் ரமோனா அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"லோதர், உன் ஜூலையை எனக்குக் குடு."

ரொட்டி மென்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கே! வந்து ரெண்டு வாரம் ஆகல, என் ஜூலை வேணுமா?"

"ரெண்டு வாரமா? ஜூலைல உன் பிரஸ்ல நிக்கிறது யாரு, சொல்லு."

"ஏஜென்சி ஆளு யாராவது."

"யாரு?"

லோதர் யோசித்தார். அவர் வெயிலில் சிவந்து திரும்புவதற்குள் அந்த ஆளை வேறு பக்கம் மாற்றியிருப்பார்கள். அவர் கேட்டதும் இல்லை.

"நான்தான்" என்றாள் ரமோனா. "அஞ்சு வருஷமா. அஞ்சு ஜூலையும் நான்தான்."

"அஞ்சும் நீயா?" லோதர் நிஜமாகவே திகைத்துப்போனார். "வருஷா வருஷம் வேற வேற ஆளுன்னுல்ல நெனச்சேன்."

"வேலி அவசரத்துல ஆளைப் பாக்க ஏது நேரம்?" என்று கெர்ஸ்டின் இடித்தாள். சிலர் சிரித்தார்கள். லோதர் சிரிக்கவில்லை. மிச்ச ரொட்டியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் அட்டவணையில் தன் பெயரை அடித்தார். செப்டம்பரில் எழுதிக்கொண்டார். "செப்டம்பர்ல பெயிண்ட் நல்லாவே காயும்" என்று சுவரிடம் சொன்னார்.

ரமோனா தன் பெயரை முழுதாக எழுதினாள். பிறகு வாசலுக்குப் போய் முதலில் தீவுக்கும் அடுத்து மகளுக்கும் போன் செய்தாள். தபேயா வகுப்பில் இருந்தாள் போலும், எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று, எடுத்திருந்தால் ரமோனா அழுதிருப்பாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

வேலை முடியும் நேரத்தில் லோதர் அவள் மேசைக்கு வந்து நின்றார். ஏதோ கேட்கக் கூச்சப்படுகிறவர் போல் பிரஸ் இருக்கும் பக்கம் பார்த்தார்.

"ஜூலைக் கடைசி வெயில்ல அது எப்படி? சண்டித்தனம் பண்ணுமாமே. நான் ஒரு ஜூலைக் கடைசிகூட அதுகிட்ட நின்னதில்ல."

"பண்ணும். தகரக் கூரை சூடேறினா ரப்பர் அச்சோட ஒட்டிக்கும். ரப்பர் பாளத்தை மொத்தமாப் பக்கத்துல அடுக்காதே, ஆறு ஆறா எடுத்துட்டு வா. முற்றத்துக் கதவைப் பத்து மணிக்குள்ள தொறந்துடணும். அப்புறம் சூட்டு முள்ளை..."

"இரு, இரு." லோதர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சட்டைப்பையில் ஒரு தாளைத் தேடி அவள் மேசை மேல் விரித்தார். "மெதுவாச் சொல்லு ரமோனா. முதல்லேர்ந்து."