மரங்களுக்குக் கதவு எண் போட்டவர்

முன்கதவில் 'டொக், டொக்' என்று இரண்டு தட்டு. சமையலறையில் இருந்தபடியே மணி ஆறரை என்று தெரிந்துகொண்டேன். வாசலில் அழைப்பு மணி இருக்கிறது. தபால்காரம்மா அதைத் தொட மாட்டார். "பெல்லு தெருவுக்கே கேக்கும்மா. தட்டினா வீட்டுக்கு மட்டும் கேக்கும்" என்பார்.

முப்பத்தொரு வருடம் கடிதம் சுமந்தவர். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கிறது. நடைக்கு வரும்போதும் அந்தத் தோளில் ஒரு துணிப்பை. உள்ளே தண்ணீர் பாட்டிலும் குடையும் தவிர ஒன்றுமில்லை. "பை இல்லாம நடந்தா ஒரு பக்கமா சாயுறேன்" என்று சிரிப்பார். நாய் குரைத்தால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. நாய்தான் திரும்பிப் போகும்.

எங்கள் புறநகர்ப் பூங்காவில் மூன்று நடைபாதைகள். அவர் போவது பச்சை அம்பு போட்ட சுலபமான பாதை. ஏற்றம் இல்லை, படி இல்லை, குளத்தைச் சுற்றி நாற்பது நிமிடம். அங்குள்ள மரங்களுக்கெல்லாம் கதவு எண் கொடுத்து வைத்திருக்கிறார். மரங்கொத்தி குடியிருக்கும் பட்டமரம் பதினேழு. "பதினேழுல நேத்து ஒரே தட்டல். யாரும் திறக்கல போல."

இதெல்லாம் அவரோடு தினமும் நடக்கப் போகும் என் அக்கா சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

கணவரை இழந்து என் வீட்டுக்கு வந்த அக்கா, எட்டு மாதமாக என்னிடம் பேசியது 'சரி', 'வேண்டாம்' என்ற இரண்டு சொற்கள்தான். என் அறையைக் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன், கூடவே அழுதேன். நடக்கப் போகலாம் என்று நூறு தடவை கூப்பிட்டிருப்பேன். மாடி வீட்டுத் தபால்காரம்மா ஒரே ஒரு தடவை வந்து, "எழுந்திரிங்க, தனியா போனா எனக்கு நம்பர் மறந்துடுது" என்றார். அக்கா எழுந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் அன்று அந்தப் பாதையில் ஒரு மரத்தடியில் நின்று, "இருபத்திரண்டுல குடித்தனம் மாறிடுச்சு. அணில் போயி மைனா வந்திருக்கு" என்றாள்.

"வாடகை ஏத்தியிருப்பாங்க" என்றார் தபால்காரம்மா.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புதருக்குப் பின்னால் என் வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்: அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டிய கடிதம். வேறு வீட்டில் போட்டுவிட்டார்கள்.

இன்று கதவைத் திறந்ததும் என் வாய் தானாகப் பொய் சொன்னது. "அக்காவுக்கு முடியலைங்க. இனிமே நடக்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். எங்கள் இருவருக்கும் கேட்டது. வாசலோரம் அவளுடைய காலணிகள், நாடா தளர்த்தி, காலுறை செருகி, தயாராக இருந்தன.

தபால்காரம்மா அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. இப்படி எத்தனை கதவுகளைப் பார்த்திருப்பாரோ.

"ஆளு இல்லன்னு ஒரே நாள்ல தபாலைத் திருப்பி அனுப்பிட மாட்டோம்மா. மூணு நாள் வந்து பாப்போம். நாளைக்கு வரேன்."

குனிந்தார். அக்காவின் காலணிகளைச் சற்று நகர்த்தி, பக்கத்தில் குப்புறக் கிடந்த என் பழைய செருப்பை நிமிர்த்தி, இரண்டு ஜோடிகளையும் வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு வெளியே போய், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.