பிரேக் கட்டை கலந்த இரும்பு

பழைய ரயில் பிரேக் கட்டையைப் போட்டு உருக்கினால் இரும்பு தண்ணீராய் ஓடும் என்று கோவைப் பட்டறைகளில் பேசிக்கொள்கிறார்களாம். சொன்னவர் ஒரு லாரி ஓட்டுநர். அவருக்கும் யாரோ சொன்னதுதான். மட்டாஞ்சேரி சாயாக் கடையில் அதைக் காதில் வாங்கியவர், வார்ப்புப் பட்டறையில் இரும்பு ஊற்றும் செல்லதுரை.

தென்காசிக்காரர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஊருக்குப் போவதில்லை. எங்கள் வீட்டு மாடியறையில் தனியாக இருக்கிறார். ஷார்ஜாவிலிருந்து நான் எப்போதாவது கூப்பிடுவேன். மற்றபடி அவருக்குக் கபீர்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், மீன்பிடி போட்டில் வலை இழுப்பவன். அவன் கரையில் இருந்தால்தான் செல்லதுரை இன்னொருவரோடு உட்கார்ந்து சாயா குடிப்பார்.

அந்தப் போட்டில் வலைக்கயிறு ஓடும் கப்பியை இரண்டு தடவை வார்த்தும் மெல்லிய விளிம்பு நிரம்பவில்லை. உலைக்கரியின் கந்தகம் ஏறி இரும்பு கூழாகியிருந்தது.

"இது கப்பியா பப்படமா அண்ணாச்சி? ஓரம் பூரா கடிச்சு வச்சிருக்கு," என்றான் கபீர்.

"நாளைக்கு வாடே. ஓட வச்சுக் காட்டுதேன்."

மறுநாள் பிரேக் கட்டை சேர்த்தார். ஓடியது. விளிம்பு முழுதாக வந்தது. இரும்பு ஊற்றிய வழியில் உறைந்து வார்ப்போடு ஒட்டி வரும் கால்வாய்த் துண்டை உடைக்க வழக்கமாகப் பல சம்மட்டி அடி வேண்டும். அன்று ஒரே தட்டில் விழுந்தது. அதையும் நல்ல சகுனமென்றே எடுத்துக்கொண்டார்.

இன்று காலை கப்பியோடு போட் கிளம்பிவிட்டது. பிறகு பட்டறையைக் கூட்டும்போது அந்தத் துண்டு கைதவறி விழுந்து, ஓடு போல உடைந்திருக்கிறது. முதலாளி ஆனந்தகுமார் துண்டின் உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தாராம்.

"பிரேக் கட்டையில பாஸ்பரஸ் கூடுதலாக்கும். உருகினா நல்லா ஓடும், ஆறினா கண்ணாடி. இது கப்பிக்கா போட்டீங்க?"

வலை கனத்தால் கப்பி தெறிக்கும். பக்கத்தில் நிற்பவன் கபீர்.

செல்லதுரை என்னைத் தானாக அழைத்தது இதுதான் முதல் தடவை.

"தம்பி, அடிச்சு அடிச்சுப் பாக்கேன், எடுக்க மாட்டேங்கான். வயர்லெஸ்ல சொல்ல ஆனந்தகுமார் ஓடியிருக்காரு. வலை போடுததுக்குள்ள சொல்லணும். உங்க நம்பர்னா விசா விஷயம்னு நினைச்சாவது எடுப்பான்."

இரண்டு வருடமாக விசா கேட்டுக்கொண்டிருப்பவன்தான்.

அடித்தேன். மணி போகிறது. இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லையோ, கை இரண்டும் வலையில் இருக்கிறதோ. மணி போய்க்கொண்டே இருக்கிறது.