நல்ல தண்ணி

நீல மூடி போட்ட அந்தத் தண்ணீர் போத்தல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதில் தண்ணீர் பிடித்து ஒன்பது வருடம் ஆகிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

நான் விலங்கியல் டீச்சர். எங்கள் மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவரை எல்லோரும் லேப் அக்கா என்போம். நான் வகுப்பில் வாய் கிழியப் பேசுவேன். உயிரினங்களைத் தேடிப் பிடித்து, ஃபார்மலினில் போட்டு, பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவதெல்லாம் அக்காதான். மணவாளக்குறிச்சிப் பக்கம் சொறிமீன், அதாவது ஜெல்லிமீன், கரை ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒருநாள் இருவரும் போனோம். கறுத்த மணலில் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் செத்துக் கிடந்தது. மூளையும் இதயமும் இல்லாத உயிர் அது. செத்த பிறகும் அதன் கொட்டும் செல்கள் மட்டும் வேலை செய்யும். அக்கா அதை வாளியில் அள்ளக் குனிந்தபோது அலை வந்து புரட்டியது. நூல் நூலான அதன் கால்கள் அக்காவின் வலது கையில் முழங்கை வரை சுற்றிக்கொண்டன.

"எரியுதே மக்கா, தீயா எரியுதே!" என்று அக்கா துடித்தார். நான் குடிக்கக் கொண்டுபோயிருந்த நீல மூடிப் போத்தலைத் திறந்து மடமடவென்று ஊற்றினேன். மீன்காரி ஒருத்தி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "ஏட்டி, நல்ல தண்ணி ஊத்தாத! கடத்தண்ணி கோரி ஊத்து!"

குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்று பேர். உப்பு நீரில் அடங்கிக் கிடக்கும் செல்கள் நல்ல தண்ணி பட்டதும் வெடிக்கும். உள்ளே சுருண்டிருக்கும் விஷ நூல் தோலுக்குள் பாயும். நானே பரீட்சையில் கேட்கிற கேள்விதான். எத்தனை தாள் திருத்தியிருப்பேன்! சமயத்தில் ஒரு மண்ணும் ஞாபகம் வரவில்லை. அக்கா அலறிய அலறலில்தான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எதை ஊத்துனீங்க?" என்று கேட்டார். "கடல் தண்ணிதான்" என்றேன். வெட்கங்கெட்ட பொய். கட்டிலில் கிடந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் வலது கை விரல்கள் அதன்பிறகு சரியாக மடங்கவில்லை. பெயர்ச்சீட்டு எழுத முடியாமல் வேலையை விட்டார். இன்றாவது என் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் அவரைப் பார்க்கப் போவேன். மழை, வெயில், பள்ளிக்கூடத்து வம்பு என்று எதையாவது பேசிவிட்டுத் திரும்புவேன்.

போன மாதம் அக்கா இறந்துபோனார். துட்டி கேட்கப் போனபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மை எப்பவும் சொல்லும் டீச்சர். நீங்க ஒடனே நல்ல தண்ணி ஊத்துனதாலதான் உயிரு தப்பிச்சுதாம்."

இருபது வருடம் சொறிமீனைப் போத்தலில் அடைத்தவருக்கா தெரியாது, நல்ல தண்ணி என்ன செய்யும் என்று? தெரிந்துதான், நான் தலைகுனியக் கூடாதென்று வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். மகள் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க டீச்சர்" என்றாள்.

வாங்கிக் குடித்தேன். அப்போதும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து போத்தலை எடுத்துத் துடைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன்.