சாம்பலிலை

அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். துணைவேந்தரும் அப்படித்தான் கூப்பிட்டார், ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவரும் அப்படித்தான் கூப்பிட்டார். அதற்குக் காரணம் அவருடைய தம்பி. அக்கா தாவரவியல் துறையில் ஆராய்ச்சியாளர். தம்பி எதிர்க் கட்டடத்தில், ஊடகவியல் துறையில், படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். போகிற இடமெல்லாம் தம்பி "எங்கக்கா, எங்கக்கா" என்று பேசியதில் வளாகம் முழுவதற்குமே அவர் அக்காவாகிவிட்டார்.

அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அக்காதான். தலை வாரிவிட்டதும், காய்ச்சலுக்குக் கண்விழித்ததும், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் போய்ச் சண்டை போட்டதும் அவர்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டார். தம்பி நிலைக்கு வந்து, மனைவி குழந்தை என்று ஆனபோது, அக்காவுக்கு அந்தப் பேச்சே அலுத்துவிட்டது. மிச்சமிருந்தது செடி. "எங்கக்கா வாயில இருந்து அக்கறையா ஒரு வார்த்தை வரணும்னா, நாம முதல்ல கொஞ்சம் வாடணும்" என்று தம்பி மாணவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவின் செடி நகரத்துக்கு வெளியே ஒரு பாறைக் குன்றில், வெயில் குறைவாக விழும் சரிவில் மட்டும் முளைத்தது. முழங்கால் உயரம்கூட வளராது. இலைமேல் சாம்பல் தூவியதுபோல் மெல்லிய ரோமம். அறிவியல் பெயர் வாயில் நுழையாது என்பதால் அக்கா அதைச் சாம்பலிலை என்றார். விதை லேசில் முளைக்காது. வேரோடு பிடுங்கிய இடத்தில் மறுபடி தலைகாட்டாது. அதன் சாறு கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்று அணுக்களின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று அக்கா கண்டிருந்தார். கட்டுரைகளும் எழுதினார். அவற்றைப் படித்தவர்கள், எழுதிய நானும் பிழை திருத்தியவரும் மட்டும்தான் என்று அவரே சொல்வார்.

தம்பிக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை வருஷ உழைப்பு நாலு சுவருக்குள் கிடக்கிறதே என்று, பல்கலைக்கழக ஆண்டுவிழாவுக்காக அக்காவைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு குன்றின்மேல் அவர் பின்னாலேயே ஏறினார். பாறை இடுக்கில் குனிந்து இலையைத் தொடும் கையை, ஆய்வகத்து நீல வெளிச்சத்தில் நுண்ணோக்கிமேல் சாய்ந்திருக்கும் நரைத்த தலையைப் படம் பிடித்தார். கடைசியில் அக்கா கேமராவைப் பார்த்துப் பேசினார். இந்தச் சாறு பட்டதும் புற்று அணு வளர்வது நின்றுவிடுகிறது என்றார். தொடர்ந்து, நல்ல அணுவும் சேர்ந்துதான் சாகிறது, தட்டில் இருப்பதைக் கொல்ல வெந்நீர் ஊற்றினாலும் போதும், மருந்து என்று சொல்ல இன்னும் வெகுதூரம் போகவேண்டும் என்றும் சொன்னார்.

வெட்டி ஒட்டி முடித்தபிறகு தம்பி அவரைப் படத்தொகுப்பு அறைக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினார். அக்கா தன்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. திரையில் இருந்த பெண்ணுக்கு வயதாகியிருந்தது, ஆனால் அழகாக இருந்தாள். படம் முடிந்ததும், "அந்த வெந்நீர் விஷயம் சொன்னேனேடா" என்றார்.

"அந்த இடத்துல நீ இருமிட்டக்கா. மறுபடி எடுக்கலாம்னா நாளைக்கே குடுக்கணும்."

அக்கா திரும்பத் திரையைப் பார்த்தார். "சரி, விடு" என்றார்.

ஆண்டுவிழாவில் கைதட்டல் அடங்க நேரமானது. துணைவேந்தர் அந்தப் படத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் போடச் சொன்னார். அங்கிருந்து ஒரு தொலைக்காட்சி எடுத்து, கடைசிப் பகுதியை மட்டும் நறுக்கி, மேலே 'புற்றுக்கு மருந்து நம் குன்றிலேயே' என்று தலைப்பிட்டு ஓட்டியது. அதற்குப் பிறகு அது யார் கையிலும் நிற்கவில்லை. கைபேசிக்குக் கைபேசி தாவியது. தாவரவியல் துறைக் கட்டடத்தின் வாசலில் மருத்துவ அறிக்கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் நின்று, இது மருந்து இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தொண்டை வறளச் சொன்னார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், பெரிய இடத்துக்கு மட்டும்தான் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், சீருடையைக்கூட மாற்றவில்லை. அவர் எதுவும் கேட்டு வரவில்லை. கும்பிட்டார்.

"நன்றி சொல்லத்தான் வந்தேம்மா. வீட்டுக்காரிக்கு மார்ல கட்டி. ஆபரேஷன்னு தேதி குறிச்சிருந்தாங்க. பயந்து செத்துக்கிட்டிருந்தா. உங்க படத்தப் பாத்தப்புறம்தான் சிரிக்கவே செய்யறா. தினம் காலைல அந்த இலைச்சாறுதான். ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திட்டோம்."

அக்கா உடனே, இலை ஏது என்று கேட்டார். குன்றடிவாரத்தில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள் என்றார் ஓட்டுநர். அக்கா ஆய்வக அங்கியோடே அவருடன் கிளம்பிவிட்டார்.

ஓட்டுநரின் வீடு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், படி ஏறியதும் முதல் கதவு. உள்ளே அவர் மனைவி, தையல் வேலை செய்கிறவர், மிஷின் முன்னால் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். திரையில் பார்த்த முகம் வாசலில் நின்றதும் ஊசியைத் தூக்கிவிட்டு எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். அந்தச் சாறு கல்லீரலைக் கெடுக்கலாம், கட்டிக்கு அது மருந்தே இல்லை, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். தையல்காரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நீங்களே சொன்னீங்களேம்மா. என் ரெண்டு காதால கேட்டேன்."

மறுநாள் அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். வெட்டாத படம் தம்பியின் மடிக்கணினியில் இருந்தது. இருமல், வெந்நீர், நல்ல அணு என்று எல்லாவற்றையும் தையல் மிஷின்மேல் வைத்தே போட்டுக்காட்டினார்கள். அந்த அம்மா கண்ணெடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் தம்பியைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார்.

"முன்னாடி பேசினது மனசுல இருந்து வந்துது. இது யாரோ மெரட்டி சொல்லவெச்ச மாதிரி இருக்கு. மருந்துக் கம்பெனிக்காரங்க விடுவாங்களா? உங்க நிலைமை எனக்குப் புரியுதும்மா. கவலைப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."



தம்பி மறுப்புப் படம் ஒன்று எடுத்து வெளியிட்டார். அதைப் பார்த்தவர்களைவிட அதில் திட்டி எழுதியவர்கள் அதிகம். விலைபோய்விட்டார்கள் என்பதுதான் பெரும்பாலோர் தீர்ப்பு. தொலைக்காட்சிக்கு நடையாய் நடந்தார். பழைய செய்தி சார், இப்போது யார் பார்ப்பார்கள் என்று அங்கே கையை விரித்தார்கள். அக்கா மட்டும் தையல்காரம்மா வீட்டுக்குப் போவதை விடவில்லை. கிழிந்த அங்கியைத் தைக்கக் கொடுக்கிற சாக்கில் போவார், நல்ல அங்கியைக் கிழித்துக்கொண்டும் போவார். இருவருக்கும் ஒரு பாசம்கூட ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் மட்டும் அந்த அம்மா மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்.

மழைக்காலத்தில் தையல்காரம்மாவுக்குக் கண்ணும் நகமும் மஞ்சளாகின. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கட்டி அதற்குள் எலும்புவரை போயிருந்தது. குறித்த தேதிக்கு வந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடைசி நாட்களில் அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா ஒரு தடவையும் அவரைக் குறை சொல்லவில்லை. சாறு குடிக்க ஆரம்பித்தது தாமதமாகிவிட்டது, முன்னாலேயே படம் வந்திருந்தால் பிழைத்திருப்பேன் என்றுதான் சொன்னார். அந்த நம்பிக்கையோடே போய்ச்சேர்ந்தார்.

சுடுகாட்டுக்குத் தம்பியும் வந்திருந்தார், தள்ளியே நின்றார். ஓட்டுநர் அழுதுகொண்டே வந்து அவர் கையையும் பிடித்து, வந்ததற்கு நன்றி என்றார். தம்பியால் அதைத் தாங்க முடியவில்லை. அன்று அக்காவின் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"ஏதாவது சொல்லுக்கா. திட்டு. நான்தானே வெட்டினேன்."

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "நான்தானே விடுன்னு சொன்னேன்" என்றார். அடுத்த பாத்திரத்தை எடுத்தார். தம்பி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் மனைவியும் மகளும் வருவார்கள். அவர் வருவது குறைந்தது. எதிரெதிர்க் கட்டடத்தில் இருந்துகொண்டு, பார்த்தால் தலையசைத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் குன்று மொட்டையாகிவிட்டது. அக்கா போய்ப் பார்த்தபோது பாறை இடுக்குகளில் கடப்பாரை குத்திய தடம் மட்டும் இருந்தது. ஆய்வகத்தில் வளர்த்த நாற்றுகளைக் கொண்டுபோய் நட்டு, வேலி போட்டு, பலகையும் வைத்தார். பலகை இருந்ததால் தேடுகிறவர்களுக்குச் சுலபமாகிவிட்டது. அடுத்தமுறை போனபோது வேலிக்கம்பியும் இல்லை. சாறு குடித்தவர்கள் தரப்பிலிருந்து புகார்கள் குவிந்ததால் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியை நிறுத்தியது. அக்காவுக்கு முதலாண்டு வகுப்புகள் மட்டும் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை, சாம்பலிலை என்ற வார்த்தையை எடுக்காமல், வேர் என்றால் என்ன, தண்டு என்றால் என்ன என்று பாடம் நடத்தினார். நன்றாகவே நடத்தினார் என்று மாணவர்கள் சொல்கிறார்கள்.

ஓய்வு பெற்றபோது அவரிடம் சில நாற்றுகள் மிச்சமிருந்தன. அவற்றை எங்கேயோ கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தார். எந்த மலை, எந்தச் சரிவு என்று யாருக்கும் தெரியாது. பேருந்து போகாத இடம் என்பது மட்டும் தெரிந்தது, ஏனென்றால் முழங்கால் வலி கூடியபிறகு அவர் தம்பிக்குப் போன் செய்து, கார் எடுத்துக்கொண்டு வரமுடியுமா என்று கேட்டார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அக்கா கேட்ட முதல் உதவி அது. தம்பி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

தார் ரோடு முடிந்து மண்பாதை பிரிகிற இடத்தில் அக்கா நிறுத்தச் சொன்னார். செடிக்கு ஊற்றக் கொண்டுவந்த தண்ணீர்க் கேனை இறக்கிவைத்துவிட்டு, தானும் கூட வருவதாகவும், கேனைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வதாகவும் தம்பி சொன்னார்.

"உனக்குக் காட்ட மாட்டேன்டா" என்றார் அக்கா. கோபம் எதுவும் அந்தக் குரலில் இல்லை.

தம்பி தலையாட்டினார். அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு, நாலடிக்கு ஒருதரம் கை மாற்றி மாற்றி நடந்தார். முதல் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

இப்போதும் மாதம் ஒருமுறை இருவரும் போகிறார்கள். வழியெல்லாம் தம்பி மகளின் படிப்பைப் பற்றியும், அக்காவின் முழங்காலைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். மண்பாதை வந்ததும் பேச்சு நிற்கும். அக்கா இறங்கியதும் தம்பி வண்டியைத் திருப்பி, மலைக்கு முதுகைக் காட்டி நிறுத்திவிட்டு, பக்கக் கண்ணாடியையும் மடக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.