விசிறிக்கு விழுந்த ஒரே ஓட்டு

பிள்ளைகளே, உங்கள் மாமா பிரதேச சபைத் தேர்தலில் நின்ற கதையை இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நம்ம லயத்து வரிசை வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓடை. குறுக்கே ஒரு டர்பன்டைன் மரத்தை வெட்டிப் போட்டிருந்தோம், அதுதான் பாதை. மழை பெய்தால் தண்ணீர் மரத்துக்கு மேலே ஓடும், அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். லிந்துலைப் பக்கம் மழை எப்போதுதான் விட்டிருக்கிறது? பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் வகுத்தல் கணக்குப் போடும்போது நீங்கள் இன்னும் பெருக்கலிலேயே நின்றீர்கள். அதுதான் என் கவலை.

முன்பு ஒரு தடவை பாலம் கட்ட லொறியில் சாமான் வந்தது. சிமெந்து மூட்டையை ஒரு தலைவர் கொண்டுபோய்த் தன் வீட்டுக்குத் தளம் போட்டார். மணலை இன்னொரு தலைவர் அள்ளிக்கொண்டு போனார். வெறும் மணலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்தத் தேர்தலில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். லயம் முழுக்க ஒரே விவாதம்.

"சிமெந்து என்ன விலை, மணல் என்ன விலை? மணல் எடுத்தவருதான் சின்னக் கள்ளன். அவருக்கே போடுவோம்."

"போங்கண்ணே. சிமெந்துக்காரரு வீட்டு வேலை முடிஞ்சிருச்சு, இனிமே எடுக்க மாட்டாரு. மணல்காரரு இனிமேதான் வீடு கட்டணும்."

இதற்கு நடுவில் ஆட்டோ ஓட்டுகிற உங்கள் மாமா சுயேச்சையாக நின்றார். அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று, பாலம். அவருக்குக் கிடைத்த சின்னம் மேசை விசிறி. வெயில் காலத்திலும் கம்பளி போர்த்துகிற ஊரில் விசிறி. மாமா வீடு வீடாகப் போய் அந்தப் படத்தைக் காட்டினார். மேல் லயத்து அக்கா ஒருவர், "வேணாம் தம்பி, ஏற்கனவே குளிருது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மற்றவர்கள் கதவைச் சாத்தவில்லை. தேத்தண்ணி கொடுத்தே சொன்னார்கள். "நீதான் நல்லவன். ஆனா ஜெயிக்க மாட்டியே. ஒனக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிரும்." இதைக் கேட்டுக் கேட்டு மாமாவுக்கே அது சரியாகப் பட்டுவிட்டது. தேர்தலுக்கு முதல் நாள் நம்ம வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், நல்லா யோசிச்சுப் பார்த்தேன். எனக்குப் போட்டா சிமெந்துக்காரரு வந்துருவாரு. நீங்க மணலுக்கே போட்டுருங்க. நானும் அதுக்குத்தான் போடப் போறேன்."

"மாப்பிள, வேட்பாளரே நீதானய்யா!"

"அதுக்காக என் ஓட்டை நானே வீணாக்க முடியுமா?"

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "அப்புறம் எதுக்குடா நோட்டீஸ் அடிச்ச?"

"அப்ப ஒரு நம்பிக்கை இருந்துச்சுக்கா."

நானும் மணலுக்குப் போடுகிற எண்ணத்தில்தான் போனேன். பள்ளிக்கூடத்தில்தான் வாக்களிப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசையில் குனிந்து நின்று தாளைப் பார்த்தேன். மணல்காரருக்குப் போட்டுவிட்டு நாளைக்கு அவரிடம் போய் நான் என்ன கேட்பேன்? கொஞ்சமா எடுங்கன்னா? எனக்கு வேண்டியது பாலம். அந்தத் தாளில் இருந்தவர்களில் பாலம் என்று சொன்னவன் ஒருத்தன்தான். அவனுக்கு அவனே போடவில்லை. விசிறிக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஓட்டு எண்ணியதும் அதே பள்ளிக்கூடத்தில்தான். யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் அதிகாரியாக வந்திருந்தார். சிமெந்துக்கும் மணலுக்கும் சரிசமம் என்று வாசித்தார். பிறகு, "விசிறி, ஒண்டு" என்றார். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை, "எனக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

சரிசமம் என்றால் சீட்டுப் போடவேண்டுமாம். மாஸ்டர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் துடைத்து இரண்டு சீட்டையும் அதில் போட்டார். "ஆரும் சண்டை பிடிக்காதேங்கோ" என்று சொல்லி ஒன்றை எடுத்தார். சிமெந்துக்காரர் பெயர் வந்தது, சம்பல் வாசத்தோடு.

மறுநாள் காலை ஆள் கூடுகிற பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுப்பதைக்கூட விட்டுவிட்டு எல்லோரும் இதையே பேசினார்கள். "அந்த ஒரு ஓட்டு மணலுக்கு விழுந்திருந்தா சீட்டே தேவையில்ல. எவன் அவன்?" உங்கள் அம்மாவும், "கையில கெடைச்சான்னா..." என்று கொழுந்துக் கூடையைத் தூக்கிக் காட்டினாள். அவர்கள் சொன்னது கணக்குப்படி சரிதான். தேத்தண்ணியை மெதுவாகக் குடித்தேன்.

ஆனால் தலைவர்கள் வேறு கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு ஆளைக் கையில் போட்டுக்கொண்டால் அடுத்த தேர்தல் நமக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பெட்டியோடு லயத்துக்கு வந்து, அந்த ஓட்டுப் போட்டவர் யார் என்று மரியாதையாக விசாரித்தார்கள்.

அவ்வளவுதான். "நான்தாங்க" என்றார் கீழ் லயத்து அண்ணன். "நான்தான்" என்றார் குளிருது என்று கதவைச் சாத்திய அக்கா. வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லாத ஒருத்தரும் நான்தான் என்றார். தலைவர்கள் விடவில்லை. "அப்படியா, எதுக்காகப் போட்டீங்க?" என்று கேட்டார்கள். இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். விசிறி சொன்னது பாலம் ஒன்றைத்தானே? வேறு எதைச் சொன்னாலும் பொய் தெரிந்துவிடும். கீழ் லயத்து அண்ணனுக்குக் கூரைத் தகரம் வேண்டும். "தக..." என்று ஆரம்பித்து, "பாலத்துக்காகங்க" என்று முடித்தார். இப்படி வீட்டுக்கு வீடு பாலம், பாலம், பாலம்.

நானும் உண்மையைச் சொன்னேன். மணல்காரர் என் தோளில் தட்டினார். "மச்சினனுக்காகப் பேசுறீங்க. நல்ல மனசு. போங்க."

மாமாவிடம் போய்ச் சொன்னேன். "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க மச்சான். வேணாம், நான் தாங்கிக்குவேன்" என்றார்.

கொஞ்ச நாளில் வேலை ஆரம்பமானது. லயத்துப் பக்கமிருந்து சிமெந்துக்காரர் கட்டினார், பள்ளிக்கூடப் பக்கமிருந்து மணல்காரர் கட்டினார். இவருக்கு மணலும் அவருக்குச் சிமெந்தும் எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் உயரத்தையும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் வந்து சேர்ந்தபோது ஒரு பாதி முழங்கால் அளவு கீழே இருந்தது. இரண்டு பேரும் தங்கள் பாதிக்குத் தனித்தனியாக ரிப்பன் வெட்டினார்கள்.

பிறகு முதல் பெருமழை வந்தது. புத்தகப் பையோடு வாசலில் நின்ற உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மழைக்கு இனி லீவு இல்லை என்று அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது.

"அந்த விசிறிக்கு யாருப்பா ஓட்டுப் போட்டது?" என்று பெரியவன் கோபமாகக் கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

"பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள் சின்னவள். "அம்மா போட்டதா அம்மாவே சொன்னாங்க."

அம்மாவைத் திட்டிக்கொண்டே இரண்டு பேரும் பாலத்தில் ஏறினீர்கள். நடுவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கீழ்ப்பாதிக்குக் குதித்தீர்கள். ஓடைத் தண்ணீர் உங்கள் காலுக்கு வெகு கீழே போய்க்கொண்டிருந்தது. நீங்கள் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைகிறவரை நான் மழையில் நின்று பார்த்தேன்.